ஐப்பசிக் காலையில் பெய்யாத மழை

போன வாரம் என் வீட்டுக்காரரைப் பற்றி நாலு வார்த்தை நல்லவிதமாக எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு மனிதர் இரண்டு நாள் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். டீக்கடையில் பத்திரிகையை விரித்துக் காட்டினாராம். அதற்காகவாவது இந்த வாரம் இதை எழுதியாக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முந்தைய ஓர் ஐப்பசி. தக்கலையில் எங்கள் வீட்டு மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது.

"இன்னைக்கு வெட்டு இல்லட்டீ," என்று கீழே இருந்தே குரல் கொடுத்தார் என் வீட்டுக்காரர் சூசை. "காலத்தயே மழை. மேக்க கறுத்துக்கிட்டு வந்து ஒரே அடி. ஷெட்டுக்குள்ள ஒதுங்கி இருந்துட்டு வாறேன்."

வெட்டு என்றால் பால்வெட்டு. அருமனைக்கு அப்பால் காட்டோரத்தில் என் அப்பா எனக்குப் பங்காகத் தந்த ரப்பர் விளை, அதாவது தோட்டம், இருக்கிறது. விடியும்போது மரப்பட்டையைச் சீவிவிட்டால் பால் மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் இறங்கும். மழை பெய்தால் பட்டையோடு வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அதனால் மழை நாளில் வெட்டு கிடையாது.

நான் இறங்கி வந்து, துவைக்கப் போடுவதற்காக வாங்குவதுபோல அவர் சட்டையை வாங்கி மோந்து பார்த்தேன். ரப்பர் விளைக்குப் போய்விட்டு வருகிறவன் சட்டையில் ஒரு புளித்த நாற்றம் இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அன்றைக்கு அது இல்லை. வேறொரு வாடை இருந்தது. பாசி வாடை.

"கொள்ளாமே!" என்றேன். நன்றாயிருக்கிறதே என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

"என்ன கொள்ளாம்?"

"மழை கொள்ளாம்னு சொன்னேன்."

அவர் குளிக்கப் போய்விட்டார். நான் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மேற்கே கறுத்தது என்றாரே, அந்த ஒரு வார்த்தை எனக்குச் சோற்றில் கல் கடிபட்டதுபோல இருந்தது.

மழை எந்தப் பக்கம்?

வேலைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள் நான். காப்பியடிக்கிற பிள்ளையை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். அதனால் பொய் சொல்கிறவர்கள் என்னிடம் பூகோளத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

எங்கள் மாவட்டம் சின்னது. ஆனால் ஒரு பஸ் டிக்கெட்டில் இரண்டு சீதோஷ்ணத்தைப் பார்த்துவிடலாம். கன்னியாகுமரியில் ஏறும்போது பனையும் உப்புக்காற்றும் வறண்ட மணலும். மேற்கே போகப் போகத் தென்னை, பிறகு வாழை, பிறகு ரப்பர். மார்த்தாண்டம் தாண்டி வடக்கே திரும்பினால் காற்றே மாறிவிடும். கழுத்தடியில் பிசுபிசுக்கும். அருமனைப் பக்கத்தில் துணி காயவே காயாது. இரண்டு நாள் போடாத செருப்பில் பூசணம் பூத்திருக்கும்.

அந்த இடத்தை மலை என்றும் சொல்ல முடியாது, சமவெளி என்றும் சொல்ல முடியாது. மேடு, பள்ளம், மறுபடியும் மேடு. மேட்டில் ரப்பர். பள்ளத்தில் முன்பு நெல் விளைந்த ஏலாக்கள், இப்போது வாழை. நடுவே தோடு என்கிற ஓடை ஓடும். கடைசி மேட்டைத் தாண்டினால் அரசாங்கக் காடு, அதற்கும் பின்னால் மலை. மலைக்குக் காலடியில் கிடக்கிற தாழ்ந்த காடு என்பதால், மலையில் முட்டுகிற மேகமெல்லாம் முதலில் அதன் தலையில்தான் கொட்டும்.

அங்கே மழை இரண்டு. வைகாசி பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை மேற்கிலிருந்து, கடலிலிருந்து வரும். அதற்கு ராத்திரி பகல் கிடையாது. ஐப்பசியில் வருவது துலாவர்ஷம். அது கிழக்கே மலையிலிருந்து இறங்கும். உச்சிப்பொழுது கழிந்து, இடியோடும் மின்னலோடும் வரும். காலை நேரம் பளிச்சென்று இருக்கும். ரப்பர்க்காரர்களுக்கு ஐப்பசி பிடிப்பதே அதனால்தான். மழை வருவதற்குள் பாலை எடுத்து வீட்டில் சேர்த்துவிடலாம்.

"மழை எங்கேயிருந்து வருது?" என்று நான் வகுப்பில் கேட்பேன். கடலோரப் பிள்ளைகள் மேற்கே கைகாட்டும். அருமனைப் பக்கத்துப் பிள்ளைகள் கிழக்கே கைகாட்டும். இரண்டு கட்சிக்கும் சண்டை வரும். "எந்த மாசம்னு கேளுங்கலே மொதல்ல," என்று நான் பிரம்பைத் தட்டுவேன்.

நானே கிழக்கே கைகாட்டுகிற கட்சி. கட்டிக்கொண்டது மேற்கே கைகாட்டுகிற கட்சி. எனக்கு முதல் வேலை கடலோரப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. மாப்பிள்ளையும் அங்கேயே கிடைத்தார். சூசை கடியப்பட்டணத்தில் பிறந்து வள்ளத்தில் வளர்ந்தவர். மழையைப் பற்றி ஒரு பொய் சொல்லச் சொன்னால் அவர் மனசுக்குள் மழை கடலிலிருந்துதான் வரும். ஐப்பசி மாசம், அதுவும் காலையில், மேற்கேயிருந்து! ஒரு வாக்கியத்தில் இரண்டு தப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட நான் மார்க் போட மாட்டேன்.

ஆனாலும் நியாயமாக யோசித்தேன். இப்போதெல்லாம் மழையும் பாடப்புத்தகம் படித்துவிட்டு வருவதில்லை. மாசியில் பெய்கிறது, ஆடியில் வெயில் அடிக்கிறது. போனில் ஆரஞ்சு அலர்ட் என்கிறான், மஞ்சள் அலர்ட் என்கிறான், ஒரு சொட்டு விழுவதில்லை. ஒருவேளை பெய்திருக்கலாம். அந்தச் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்கூட்டரைப் போய்ப் பார்த்தேன்.

வெள்ளைப் பொடி

அருமனைப் பக்கத்து மண் சிவப்பு. மழையில் போய்வந்த வண்டி மட்கார்டு வரைக்கும் செம்மண் பூசிக்கொண்டு நிற்கும். எங்கள் ஸ்கூட்டரில் ஈரமே இல்லை. சக்கரத்திலும் கால்வைக்கிற இடத்திலும் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றிருந்தது. கருங்கல் பொடி. அந்தப் பொடி அந்த வட்டாரத்தில் ஒரே இடத்தில்தான் கிடைக்கும். குவாரி.

குவாரி என்றாலே எனக்கு ஆகாது. காரணம் இருக்கிறது.

எங்கள் விளையின் தலைமாட்டில் பெரிய பாறை ஒன்று உண்டு. அதன் அடியில் ஊறுகிற ஊற்றுதான் கீழே தோடாக ஓடுகிறது. அக்கம்பக்கத்துக் கிணறுகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. அந்த வருஷம் ஓணத்துக்கு முன்னால் காரில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பாறை உடைக்கிற கூட்டம். "மரத்தை நீங்களே வெச்சுக்கிடுங்க, பாறையை மட்டும் தந்தா போதும்," என்று சர்க்கரையாகப் பேசினார்கள். நான் வாசலைக் காட்டினேன். சூசையோ அவர்களுக்குக் காப்பி போடச் சொன்னார். அவர்கள் போன பிறகு, "பேசுறதுல என்னட்டீ போச்சு?" என்றும் சொன்னார்.

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. பேசுவதில்தான் எல்லாம் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த விளைமேல் அவருக்கு ஒருநாளும் ஆசை வந்ததில்லை. அங்கே அவரைக் கொண்டுபோய் நிறுத்தியவள் நான்தான். ஒரு புயலில் அவருடைய வள்ளம் கவிழ்ந்தது. அவர் கரை வந்து சேர்ந்தார். கூடப் போன அவர் தம்பி ராயப்பன் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. ராயப்பனின் படத்துக்கு முன்னால் நிறுத்தி, இனிமேல் கடலுக்குப் போகமாட்டேன் என்று இவரிடம் சத்தியம் வாங்கினேன். கடியப்பட்டணத்து வீட்டைப் பூட்டிவிட்டு, கடல் கண்ணுக்குத் தெரியாத தக்கலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கையில் பால்வெட்டுக் கத்தியைக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதவரை நம்புவது ரொம்பக் கஷ்டம்.

பொம்பளை விஷயமோ என்றும் ஒரு நிமிஷம் யோசித்தேன். மூக்கில் இருக்கிற கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற மனிதர் இன்னொருத்தியை எங்கே தேடிப் பிடிக்கப் போகிறார்? அதை விட்டுவிட்டேன். பாறைதான். சந்தேகமே இல்லை.

அந்த வாரமே மறுபடியும் ஒருநாள், "இன்னைக்கும் மழை," என்றார்.

"இடி உண்டா?" என்று கேட்டேன்.

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "இடியா? லேசா கேட்டுது."

"மின்னல்?"

"ஏட்டி, சோறு திங்க விடுவியா மாட்டியா?"

நான் மீன்குழம்பை ஊற்றினேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

அருமனை பஸ்

அடுத்த நாள் அவர் கிளம்பிய பிறகு நானும் கிளம்பினேன். குடை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் பேச்சை நம்பியதுபோல ஆகிவிடும் என்று ஒரு வீம்பு.

அருமனையில் இறங்கி ஆட்டோ பிடித்து விளைக்குப் போய்ச் சேர்ந்தபோது வானத்தில் ஒரு திட்டு மேகம்கூட இல்லை. விளைக்குள் மட்டும் வெளிச்சம் மங்கலாக, ஈர இலை வாடையோடு இருந்தது. மரங்களில் சிரட்டைகள் காலியாகக் கவிழ்ந்துகிடந்தன. மரத்துக்கும் மரத்துக்கும் இடையே சிலந்தி வலை கட்டியிருந்தது. யாரும் அந்த வரிசையில் நடக்கவில்லை என்று அர்த்தம். அவரையும் காணோம், ஸ்கூட்டரையும் காணோம்.

பக்கத்து விளையில் தங்கபாய் பால் வாளியோடு நின்றாள். அவள் விளையில் அவளேதான் வெட்டு.

"டீச்சரே, என்ன இந்தப் பக்கம்?"

"மழைன்னு சொன்னாவ. பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"மழையா? இஞ்சயா?" தங்கபாய் வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கு வெட்டு முடிஞ்சு பாலும் எடுத்தாச்சு. உச்சைக்கு மேல வரும், கெழக்க லேசா மூடுது."

"எங்க வீட்டாளைப் பாத்தியா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "அண்ணன் இப்போ காலத்த காலத்த பழைய குவாரிப் பக்கமாட்டு போவாரு. நான் ஒண்ணும் சொல்லல டீச்சரே. பின்ன எனக்குச் சண்டை வேண்டாம்."

"அங்க என்ன சோலி?"

"எனக்கென்ன தெரியும்? அந்தா அந்த எல்லையில நின்ன மட்டி மரத்தைக்கூட வெட்டிக் கொண்டுபோனாரு."

ஓடினேன். காட்டோர எல்லையில் என் அப்பா வைத்த மட்டி மரங்கள் உண்டு. தீப்பெட்டிக் குச்சி செய்கிற மெத்தென்ற மரம். அவற்றில் நான்கைந்து மரங்கள் இல்லை. அடிக்குற்றிகள் மட்டும் வெள்ளையாக நின்றன. அந்த இடம் நேராகப் பாறைக்குப் போகிற வழி. லாரி வருவதற்குப் பாதை திறந்தாகிவிட்டது!

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் நான் சோறு போட்ட மனுஷன், வாய் திறக்காமல் என் காலடி மண்ணை விலை பேசி முடித்துவிட்டாரே! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவாரிக்கு நடந்தேன்.

பாறைமடையில்

பாறைமடை என்று ஊரார் சொல்கிற, கைவிட்ட குவாரி அது. உடைக்கிறவரை உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாதையில் மட்டும் வெள்ளைப் பொடி இன்னும் கணுக்கால் அளவு கிடக்கிறது. ஓரத்தில் எங்கள் ஸ்கூட்டர் நின்றது. கார் இல்லை. லாரி இல்லை. பேச்சுக்குரல் இல்லை.

விளிம்பில் போய் நின்று கீழே பார்த்தேன். நாலு பக்கமும் செங்குத்தான பாறை. ஒரு மூலையில் மட்டும் பழைய லாரிப் பாதை சரிவாக இறங்குகிறது. அடியில் பச்சையாக வெள்ளம், எத்தனை ஆழமோ. எங்கள் ஊரில் தண்ணீர் என்றாலே வெள்ளம்தான். விளிம்பு முழுக்கக் காட்டுமரங்கள் கவிழ்ந்து நின்றன.

வெள்ளத்தின் நடுவே என் மட்டி மரங்கள் மிதந்தன. கயிறு போட்டு வரிந்து கட்டிய கட்டுமரமாக மிதந்தன. அதன்மேல் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார் சூசை. மடியில் துடுப்பு. தூண்டில் கிடையாது, வலை கிடையாது. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஓய்!" என்று கத்தினேன். நாலு பாறையும் திருப்பிக் கத்தியது. மனிதர் பதறியதில் கட்டுமரம் ஒரு பக்கம் சாய்ந்தது. என் உயிர் போய்த் திரும்பி வந்தது.

"கரைக்கு வாருங்க! இப்பமே வாருங்க!"

வந்தார். தலையைக் குனிந்துகொண்டு துடுப்பைப் போட்டார். ஆனால் கை என்ன அழகாகப் போனது தெரியுமா? ரப்பர் மரத்தடியில் அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை.

"ராயப்பனுக்க படத்து முன்னால என்ன சொன்னிய?"

"கடலுக்குப் போகமாட்டேன்னு சொன்னேன். போகலையே."

"இது பின்ன என்ன? பள்ளிக்கூட மைதானமா? விழுந்தா எடுக்க யாரு இருக்கா இஞ்ச? ஒருத்தனுக்க உடம்பே இன்னும் கெடைக்கல!"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டேன். அவர் கட்டுமரத்தைப் பாறை இடுக்கில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மரத்துக்கு நடுவுல நிக்கும்போ மூச்சு முட்டுது ஜெசி. காத்து இல்ல. மேல பாத்தா எலை. எந்தப் பக்கம் எதுன்னு தெரியல. கடலுக்குப் போகப் பயமாட்டு இருக்கு. ஆனா வெள்ளம் இல்லாம இருக்கவும் முடியல. இதுல கொஞ்ச நேரம் இருந்தா அடியில ஒரு ஆட்டம் கெடைக்கும். அது போதும். பின்ன உன்கிட்ட சொன்னா விடுவியா?"

"விடமாட்டேன்."

"அதான் மழைன்னு சொன்னேன்."

நம்பத் தோன்றியது. ஆனால் நான் யாரையும் சட்டென்று நம்பாத என் அப்பாவின் மகள். பொய் சொல்லத் தெரிந்தவருக்கு இரண்டாவது பொய்யும் தெரியும். நேராகக் கேட்டேன். "பாறைக்காரங்ககிட்ட என்ன பேசினிய?"

"எந்தப் பாறை?"

"நம்ம பாறை! வெல பேசத்தானே இஞ்ச வாறிய?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்மேல் கோபப்படுகிறவர் அல்ல. அன்றைக்குக் கோபப்பட்டார்.

"நீ அந்தப் பாறைக்க மேல ஏறிப் பாத்திருக்கியா?"

"எதுக்கு ஏறணும்?"

"காலத்த வெட்டு தொடங்கும் முன்ன நான் ஏறுவேன். தெக்க, ரெண்டு தெங்குக்கு எடையில, ஒரு பொட்டு கடல் தெரியும். அத நான் விப்பேனாட்டீ?"

கடல் தெரியாத இடமென்று பார்த்துப் பார்த்துக் கூட்டிவந்தேன். மாவட்டத்து வரைபடத்தை இத்தனை வருஷம் கரும்பலகையில் வரைந்தேன். என் விளையிலிருந்து கடல் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

"அப்போ அந்தப் பாறையிலயே இருந்துட்டு வரப்படாதா?" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"தூரத்துல பாத்தா ராயப்பன் நெனப்பு வருது. வெள்ளத்துமேல இருந்தா வரல. என்னன்னு தெரியல."

கிழக்கே ஓர் இடி உருண்டது. அவர் நிமிர்ந்து மேற்கே பார்த்தார். மேற்கே வானம் நீலமாக இருந்தது. "ஒண்ணும் இல்ல," என்றார் சாதாரணமாக. அப்போதுதான் நான் நிஜமாகவே பயந்தேன்.

"இஞ்ச மேக்க பாக்காதிய," என்று அவர் முகத்தைப் பிடித்து மலைப் பக்கம் திருப்பினேன். "உங்க ஊர்ல மழை கண்ணுக்கு முன்னால கடல்மேல வரும். இஞ்ச முதுகுக்குப் பின்னால வரும். ஐப்பசியில இந்தக் குழிக்குள்ள இருந்து மின்னல் பிடிச்சா அவ்வளவுதான். மலை மறஞ்சா கரையேறணும். கேட்டியளா?"

கேட்டுக்கொண்டார். போகும் வழியில் நாங்கள் நனைந்தோம். குடை எடுக்காத வீம்புக்குக் கூலி.

மழை விடும் நேரம்

கட்டுமரத்தை உடைத்துப் போடச் சொல்லத்தான் நினைத்தேன். சொல்லவில்லை. காற்று நிறைத்த லாரி டியூப் ஒன்றை வாங்கி ஸ்கூட்டரில் கட்டிவிட்டேன். அவ்வளவுதான். குவாரி என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. ஒருநாள் விடியலில், நட்சத்திரம் தெரிகிற வானத்துக்குக் கீழே நின்றுகொண்டு, "இன்னைக்கு மழை இருக்கும்போல," என்றார் தயங்கித் தயங்கி.

"எத்தனை மணிக்கு விடும்?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "பத்துக்கு விட்டிரும்."

"விட்டதும் போன் வரணும்."

அப்படியே ஆகிப்போனது. பத்து மணிவாக்கில் போன் அடிக்கும். "விட்டாச்சு," என்பார். "சரி," என்று வைத்துவிடுவேன். ஆனாலும் வந்ததும் சட்டையை மோந்து பார்ப்பேன். ஸ்கூட்டரையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். அது என் குணம், போகாது.

அந்த ஐப்பசி முடிகிற சமயம் ஒருநாள் போன் வரவில்லை. தக்கலையில் வெயில். மாடிக்கு ஏறிப் பார்த்தேன். வடக்கே மலைப்பக்கம் முழுக்க மூடிக்கிடந்தது. காலை நேரத்தில், எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத நேரத்தில், மலையே தெரியவில்லை. கறுப்புக்குள் மின்னல் வெட்டியது.

நான் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன். பிறகு போன் அணைந்திருக்கிறது என்று ஒரு குரல் சொன்னது. நான்தானே அனுப்பினேன்? ராயப்பனின் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அவனிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. "ஒண்ணு நீ கொண்டுபோனது போதும்," என்று கடலைத் திட்டினேன். அங்கே கடலே இல்லை என்பதுகூடத் தோன்றவில்லை.

நண்பகல் தாண்டி ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றவர் உச்சந்தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தார். பல் கிடுகிடுவென்று அடித்தது.

"மழைட்டீ," என்றார். "போன் நனைஞ்சு செத்துப்போச்சு."

"எங்கேருந்து வந்துது?"

"கெழக்கேருந்து. நீ சொன்ன மாதிரி மலையைப் பாத்துக்கிட்டே இருந்தேன். மலை மறஞ்சுது. அப்பமே கரையேறி நம்ம விளைக்கு ஓடிட்டேன். ஷெட்டுக்குள்ள இருக்கும்போ குவாரிப் பக்கமாட்டு ஒரு இடி விழுந்துது ஜெசி. காது அடைச்சுப்போச்சு."

அவர் தோளுக்கு மேலாக எட்டி ஸ்கூட்டரைப் பார்த்தேன். மட்கார்டு, கால்வைக்கிற இடம், சீட்டு வரைக்கும் செம்மண். மழை கழுவியதில் வெள்ளை ஒரு பொட்டு இல்லை.

துண்டை எடுத்துவந்து அவர் தலையைத் துவட்டினேன். வலிக்கிறது என்றார். வலிக்கட்டும் என்று இன்னும் அழுத்தித் துவட்டினேன்.